படுக்கையறை ஜன்னலில் ஒரு ஏ.சி.: முதல் முறை வாங்குபவர்களுக்கு

திருவல்லிக்கேணியில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. அதற்கு மேல் மொட்டை மாடிதான். அக்னி நட்சத்திர நாட்களில் பகலெல்லாம் வெயில் குடித்த தளம், இரவு பதினொரு மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுழற்றித் தரும். மாமியாருக்கு எழுபது வயது தாண்டியபோது, அவருடைய அறைக்கு ஒரு ஜன்னல் ஏ.சி. வாங்கினோம். அன்று எனக்கு அந்த எந்திரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கடையில் காட்டியதை வாங்கி, ஆசாரி செய்துவைத்த சட்டத்தில் ஏற்றிவிட்டோம். அதன் விலையை அடுத்த கோடையில் கொடுத்தோம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான்.

எப்படி அள்ளுகிறது? மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் மேல்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானைக்குள் இருக்கும் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் குளிர்ந்துவிடுகிறது. ஊசி போடும் முன் செவிலியர் பஞ்சில் தொட்டுத் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பதும் இதனால்தான். ஏ.சி.க்குள் நீருக்குப் பதிலாக ஒரு குளிர்பதன வாயு இருக்கிறது. இன்று பல எந்திரங்களில் இருப்பது ஆர்-32 என்னும் வாயு. திறந்த வெளியில் விட்டால் அது சுழியத்துக்கும் கீழே 52 டிகிரி குளிரிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அறைப்பக்கத்துச் செப்புச் சுருளுக்குள் அது ஆவியாகும்போது, சுருளைத் தொட்டுச் செல்லும் அறைக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு கம்ப்ரசர் அந்த ஆவியை இறுக்கி அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, அழுத்தப்பட்ட ஆவி நன்றாகச் சூடேறுகிறது. வெளிக்காற்றைவிடச் சூடாகிவிட்டதால், பின்பக்கத்துச் சுருளில் அது தன் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது. ஜன்னல் ஏ.சி.யில் இவை எல்லாமே ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரே மோட்டாரின் இரண்டு முனைகளில் இரண்டு விசிறிகள் இருக்கும். முன்னது அறைக்காற்றையும் பின்னது வெளிக்காற்றையும் தள்ளுகின்றன.

1 டன் எந்திரம் சுமார் 1000 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சுமார் 3500 வாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும். எடுத்துக்கொண்ட மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் ஆகிறது. ஆகவே பின்பக்கம் வெளிவருவது சுமார் 4500 வாட். ஓடிக்கொண்டிருக்கும் ஏ.சி.யின் பின்னால் கொஞ்சம் தள்ளிக் கையைக் காட்டிப் பாருங்கள், அடுப்படியில் நிற்பது போல இருக்கும். அந்த அனல் தடையில்லாமல் போக வழி இருக்க வேண்டும்.

இப்போது டன் கணக்கு. "1 டன் ஏ.சி." என்றால் எடை ஒரு டன் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சொல் பனிக்கட்டி வியாபாரம் நடந்த காலத்திலிருந்து வந்தது. ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டி, அதாவது 907 கிலோ, 24 மணி நேரத்தில் முழுவதும் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம்தான் 1 டன். எங்கள் பகுதிக்காரர்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று. மெரினா கடற்கரை எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம், 1842இல் ஐஸ் ஹவுஸாகக் கட்டப்பட்டது. பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பி அங்கே சேமித்து விற்றார். அந்தப் பெயர் இன்றும் ஊர் வாயில் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க 1 டன் ஏ.சி. நிற்காமல் ஓடினால், அந்தக் கிடங்கிலிருந்து 907 கிலோ கட்டியைக் கொண்டுவந்து நம் அறையில் உருகவிட்டதற்குச் சமம். படுக்கையறைக்கு அது குறைந்த அளவா என்ன?

ஆனாலும் கடைக்குப் போனால், "எதற்கும் ஒன்றரை டன்னாகவே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வார்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 1 டன் போதும். 150 சதுர அடியைத் தாண்டினாலோ, எங்களைப் போல மேல்தளத்தில் வெயில் நேராக இறங்கும் அறை 120 சதுர அடிக்கு மேல் இருந்தாலோ ஒன்றரை டன்னை யோசிக்கலாம். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால், டன்னைக் கூட்டும் முன் அந்த ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள் என்பேன். உள்ளே வராத வெப்பத்தை வெளியே சுமக்க வேண்டியதில்லை.

பெரிதாக வாங்கினால் என்ன குறை? காசு மட்டும் இல்லை. அறைக்காற்றில் வெப்பத்தோடு ஈரமும் இருக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் பாதி அந்த ஈரம்தான். குளிர்ந்த சுருளில் காற்று படும்போது, குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதைப் போல ஈரம் நீர்த்துளியாகிச் சொட்டி வெளியேறுகிறது. ஒரு லிட்டர் நீரை இப்படிப் பிரித்தெடுக்கவே 1 டன் எந்திரம் 11, 12 நிமிடம் முழு மூச்சாக உழைக்க வேண்டும். தேவைக்கு மேல் பெரிய எந்திரம், ஐந்து நிமிடத்தில் காற்றைக் குளிர்வித்துவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்திக்கொள்ளும். ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அறை சில்லென்று இருக்கும், ஆனால் போர்வை பிசுபிசுக்கும். உடலுக்கு அது சுகம் தராது. நவீன ஏ.சி.யே ஈரத்துக்காகப் பிறந்ததுதான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியாமல் போயின. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் தம் முதல் எந்திரத்தை வடிவமைத்தார்.

ஸ்பிளிட்டா, ஜன்னலா என்ற கேள்விக்கு நான் நீண்ட பதில் சொல்லப் போவதில்லை. ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பெட்டிகளாக வரும். கம்ப்ரசர் வெளிப்பெட்டியில் இருப்பதால் அறையில் சத்தம் குறைவு. மெல்லிய ஒலிக்கும் விழித்துக்கொள்பவர் என்றால் அதையே வாங்குங்கள். ஜன்னல் ஏ.சி. விலையில் குறைவு, சுவரைத் துளைத்துக் குழாய் இழுக்க வேண்டியதில்லை, வீடு மாறும்போது அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். வாயுக் குழாய்கள் தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டு வருவதால் கசிவுத் தொல்லையும் குறைவு. வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஜன்னல் கம்பியை வெட்ட வேண்டியிருக்கும். வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிடுங்கள்.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வகுத்த சீட்டு அது. நட்சத்திரங்களை எண்ணிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதில் மூன்று விவரங்கள் உண்டு. ஒன்று, குளிர்விக்கும் திறன், வாட் அளவில். "1 டன்" என்று பெயர் போட்ட இரண்டு எந்திரங்களில் ஒன்று 3500 வாட்டும் இன்னொன்று அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இந்த எண்தான் உண்மையான டன். இரண்டு, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண். அது 1600 மணி நேரப் பயன்பாட்டுக்குக் கணக்கிடப்பட்டது. இரவுக்கு 8 மணி நேரம் என்றால் 200 இரவுகள். நீங்கள் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தினமும் போடுபவர் என்றால் அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று, சீட்டு எந்தக் காலத்துக்கு உரியது என்பது. நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். 2022 ஜூலையில் அப்படி மாற்றியபோது, அதுவரை 5 நட்சத்திரமாக இருந்தவை 4 ஆயின. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பில் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் என்று சொல்லும் வகையில் கம்ப்ரசர் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். சாதாரண வகையில் ஓடினால் முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம். வீட்டு மின்வெட்டுக்கு வைக்கும் பேட்டரி இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரவு முழுவதும் போடுபவருக்கு இன்வெர்ட்டர் வகை லாபம். கோடையில் இரண்டு மாதம் மட்டும் என்றால் கூடுதல் விலை திரும்பி வருவது கடினம். பழைய ஏ.சி. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த வாயு என்று கேளுங்கள். ஆர்-22 என்றால் வேண்டாம். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் கைவிடப்பட்டு வரும் வாயு அது.

எந்திரம் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஏ.சி.க்கு மின்பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும்; 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் என்றால் ஒன்றரை டன் வரை கவலையில்லை. அதற்கென்று தனி எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் தானே விழும் சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த் ஆகியவை வேண்டும். எக்ஸ்டென்ஷன் கார்டில் ஏ.சி.யை மாட்டவே கூடாது. எங்கள் பக்கத்து வீட்டில் அப்படி மாட்டியிருந்தார்கள். ஒரு நாள் இரவு பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்து எழுந்து பார்த்தபோது, பிளக்கின் ஒரு முனை சாக்கெட்டோடு உருகி ஒட்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் நல்ல வேளையாக விழித்துக்கொண்டார்கள். உங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்றால் ஸ்டெபிலைசரும் வேண்டும். எந்திரம் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பது அதன் விவரத்தாளில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பொருத்துவது பற்றி இப்போது எங்கள் கதை. எங்கள் சுவர் பழைய காலத்துத் தடிச் சுவர், ஒன்றரை அடி இருக்கும். ஆசாரி அழகாக மரச்சட்டம் அடித்து, எந்திரம் வெளியே துருத்தாமல் சுவரோடு சுவராக நிறுத்திக் கொடுத்தார். பார்க்க நேர்த்தியாக இருந்தது. முதல் ஆண்டு எப்படியோ ஓடியது. அடுத்த மே மாதம் பகல் இரண்டு மணிக்குக் கம்ப்ரசர் நின்றுவிடும். விசிறி மட்டும் ஓடும். கால் மணி கழித்துத் தானாக ஓடும், மறுபடி நிற்கும். சர்வீஸுக்கு வந்த ஒருவர் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, நிரப்பிக் காசு வாங்கிப் போனார். மூன்றாம் நாள் பழைய கதைதான். பிறகு தெருக்கோடியில் இருந்த வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்தோம். அவர் எந்திரத்தைத் திறக்கவே இல்லை. பால்கனிப் பக்கம் போய் நின்று, பெட்டிக்கும் சுவருக்கும் இருந்த இடுக்கில் விரலை விட்டார். "அம்மா, இங்கே வந்து கையை வையுங்கள். இது மூச்சு விடுகிற இடம். சுவர் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறது" என்றார்.

ஜன்னல் ஏ.சி.யின் பின்பாதியில், இரண்டு பக்கவாட்டிலும் மேலேயும் சீப்புப் பல் போன்ற திறப்புகள் இருக்கும். வெளிக்காற்று அவற்றின் வழியே நுழைந்து, பின்சுருளைக் கடந்து, வெப்பத்தோடு பின்னால் போகிறது. எங்கள் எந்திரத்தில் அந்தத் திறப்புகள் எல்லாமே சுவருக்குள் புதைந்திருந்தன. அனல் வெளியேற முடியாமல் கம்ப்ரசர் கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றிருக்கிறது. சட்டத்தை மாற்றி எந்திரத்தை வெளிப்பக்கம் ஓரடி தள்ளினோம். அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆசாரி சட்டம் அடிக்கும் முன் இந்தத் திறப்புகளை அவருக்குக் காட்டுங்கள். அவை முழுவதும் சுவருக்கு வெளியே நிற்க வேண்டும். எதிரே மூன்றடியாவது வெட்டவெளி இருக்க வேண்டும். பின்புறம் இன்னொரு அறைக்கோ அடைத்த வராந்தாவுக்கோ திரும்பியிருக்கக் கூடாது. ஒன்றரை டன் எந்திரம் 50 கிலோவை ஒட்டி இருக்கும் என்பதால் வெறும் மரச்சட்டத்தை நம்பாமல் அடியில் இரும்புக் கோணத் தாங்கி கொடுத்துவிடுங்கள். நீர் பின்பக்கம் வடிவதற்காக எந்திரம் வெளிப்புறம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். சட்டத்தைச் சுற்றி விரல் நுழையும் இடுக்கு இருந்தாலும் பஞ்சுப் பட்டையால் அடைத்துவிடுங்கள். அந்த இடுக்கு வழியே தெருவின் புழுக்கம் இரவெல்லாம் உள்ளே வரும்.

அந்த "கேஸ் தீர்ந்துவிட்டது" பற்றி இன்னும் ஒரு வார்த்தை. குளிர்பதன வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதுதான். ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஆர்-32 தீப்பற்றக்கூடிய வாயு என்பதால், பயிற்சி பெற்றவர் கையில்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

இனி அன்றாடப் பயன்பாடு. வெளியிலிருந்து வந்ததும் ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரணக் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 16 வைத்தாலும் 25 வைத்தாலும் அறை ஒரே வேகத்தில்தான் குளிரும். 16 என்பது "எங்கே நிற்க வேண்டும்" என்ற கட்டளை. அந்த இடத்தை மேல்தளத்து அறை மே மாதத்தில் எட்டவே எட்டாது, கம்ப்ரசர் விடியும் வரை ஓயாமல் ஓடும். 2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கப்படும் நட்சத்திரச் சீட்டுள்ள ஏ.சி.க்கள் போட்டதும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. நாங்கள் 26 வைத்து, மின்விசிறியை இரண்டில் ஓட விடுகிறோம். காற்று மேலே படுவதால் அதுவே 24 போலத் தோன்றுகிறது. மாமியார் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொள்கிறார். அதற்கு மேல் குளிர் எதற்கு? காற்றுத் தகடுகளை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். ஜன்னல் ஏ.சி. கட்டிலின் உயரத்துக்கு அருகிலேயே இருப்பதால் நேராக முகத்தில் அடிக்கும். மேலே போன குளிர்காற்று தானாகக் கீழே இறங்கிவிடும்.

அணைத்த உடனே மறுபடி போடாதீர்கள். மூன்று நிமிடமாவது விடுங்கள். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் சமநிலைக்கு வருவதற்கு முன் கம்ப்ரசர் கிளம்ப முயன்றால் திணறும், எம்.சி.பி.யும் விழலாம். மின்சாரம் போய்ப் போய் வரும் இரவுகளில், இந்த இடைவெளியைத் தானே கொடுக்கும் ஸ்டெபிலைசர் பெரிய உதவி.

மின்கட்டணத்தை முன்கூட்டியே மனத்தில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1000 வாட் எந்திரம் எட்டு மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கம்ப்ரசரோடு ஓடினால், இரவுக்கு ஐந்தரை யூனிட் அளவில் வரும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். அறுபது இரவுக்கு 330 யூனிட். வீட்டின் மற்ற பயன்பாட்டோடு இது சேரும்போது மேல்படிக்கு ஏறிவிடும், அங்கே யூனிட்டின் விலையே அதிகம். 24ஐ 26 ஆக்குவதன் பயன் அந்தப் படியில்தான் நன்றாகத் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முன்மூடியைத் திறந்து ஃபில்டரை உருவிக் குழாய் நீரில் கழுவுங்கள், நிழலில் உலர்த்திப் போடுங்கள். முதல் முறை கழுவும்போது அதில் படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூசிப் போர்வையைப் பார்த்தால், பிறகு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது. ஃபில்டர் அடைத்தால் சுருளுக்குக் காற்று போகாது. சுருளில் பனி கட்டும். பனி உருகி அறைக்குள் சொட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச் தொடங்கும் முன், எந்திரத்தைக் கீழே இறக்கித் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இது இன்னும் அவசியம். உப்புக்காற்று பின்சுருளின் அலுமினியத் தகடுகளை அரித்து, தொட்டால் உதிரும்படி ஆக்கிவிடுகிறது. செப்புச் சுருள் உள்ள எந்திரத்தில் பழுது நேர்ந்தால் பற்றவைத்துச் சரிசெய்வது எளிது என்பதையும் வாங்கும்போதே கருத்தில் கொள்ளுங்கள். மேல்பக்கம் புறா கூடு கட்டாமல் வலை அடித்துவிடுங்கள்.

ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றைத்தான் சுழற்றிச் சுழற்றிக் குளிர்விக்கிறது. சில எந்திரங்களில் உள்ள சிறு திறப்பும் பெரிதாக உதவாது. மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு இரவு முழுவதும் படுத்தால் காலையில் தலை கனக்கிறது என்பதற்கு இதுவே காரணம். நான் விடியற்காலை நான்கரைக்கு அணையும்படி டைமர் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் தளமும் ஆறியிருக்கும். மின்விசிறி மட்டும் ஓடும். ஐந்தரைக்கு எழுந்து இரண்டு ஜன்னல்களையும் திறந்துவிடுவேன்.

பால்கனியில் வடிகுழாயின் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறோம். புழுக்கமான இரவுகளில் காலைக்குள் மூன்று நான்கு லிட்டர் சேர்ந்துவிடும். இரவில் அந்தச் சின்ன அறையின் காற்றில் மிதந்துகொண்டிருந்த நீர் அது. குடிக்கக் கூடாது, தூசியும் உலோகத் துணுக்கும் கலந்திருக்கும். பேட்டரிக்கு ஊற்றவும் ஆகாது. நான் அதில் வாசற்படியைத் துடைக்கிறேன்.